முதல் சம்பளம் வரும்வரை தாக்குப்பிடிப்பது எப்படி?

கேள்வி: நான் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் எஞ்சினீயரிங் படிக்கிறேன். ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் அருகே உள்ள ஒரு நிறுவனத்தில் 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இன்டர்ன்ஷிப். மாதம் 1,000 யூரோ தருகிறார்கள். பிடித்தம் போகக் கையில் 870 யூரோ வரும் என்கிறார்கள். எஸ்லிங்கனில் மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறை பார்த்திருக்கிறேன். மின்சாரம், வெந்நீர், இணையம் எல்லாம் சேர்த்து வாடகை 450 யூரோ, அட்வான்ஸ் 800 யூரோ. டிக்கெட் செலவு போக அப்பா 1.5 லட்சம் ரூபாய் தருகிறார். மாதம் 20,000 ரூபாயாவது வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று நினைக்கிறேன். முடியுமா?

பதில்: முடியாது. கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். எளிதாக இருக்க ஒரு யூரோவை 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

870 யூரோவில் வாடகை போனால் மிச்சம் 420. ஜெர்மனி முழுக்க உள்ளூர் பஸ், டிராம், மெதுரயில்களில் செல்லும் ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. கைப்பேசிக்குப் பத்து யூரோ போதும். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டியாக வேண்டும். டிவியே இல்லை என்றாலும் விட மாட்டார்கள். ஒரு வீட்டுக்கு ஒருமுறை கட்டினால் போதும் என்பதால் உங்கள் பங்கு ஆறு யூரோ. உங்கள் பெயருக்குத் தனியாகக் கடிதம் வந்தால் பயந்துபோய்க் கட்டிவிடாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே கட்டுபவரின் கணக்கு எண்ணை எழுதி அனுப்புங்கள். சாப்பாட்டுக்கு 215, சோப்பு, துணி துவைப்பது போன்றவற்றுக்கு 25. எல்லாம் போக மாதக் கடைசியில் நிற்பது நூறு யூரோ. நீங்கள் அனுப்ப நினைப்பது இருநூறு. அந்த இன்னொரு நூறு உங்கள் தட்டிலிருந்துதான் போகும்.

ஆனால் எனக்குக் கவலை தருவது மாதச் செலவு இல்லை, ஏப்ரல் மாதம்தான். அங்கே சம்பளம் மாத முடிவில்தான் வரும். அதற்குள் அட்வான்ஸ் 800, வாடகை 450, மற்ற செலவு 319, போர்வை, பாத்திரம், குக்கர் என்று ஒரு 80. மொத்தம் 1,649 யூரோ. அப்பா தருவதோ 1,500. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே வீட்டுக்குப் போன் செய்து பணம் கேட்கும் நிலை வரும்.

இதற்கு ஜெர்மன் சட்டத்திலேயே வழி இருக்கிறது. சிவில் சட்டத்தின் 551ஆம் பிரிவுப்படி அட்வான்ஸை மூன்று சம தவணைகளாகக் கட்டும் உரிமை வாடகைக்கு வருபவருக்கு உண்டு. முதல் தவணை குடிபுகும்போது, மற்ற இரண்டும் அடுத்தடுத்த மாத வாடகையோடு. வீட்டுக்காரர் தானாக முன்வந்து சொல்ல மாட்டார். ஒப்பந்தம் போடும் முன்பே நீங்கள்தான் மரியாதையாகக் கேட்க வேண்டும். மூன்று மாத அடிப்படை வாடகைக்கு (வெந்நீர் போன்ற செலவுகள் சேராதது) மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பதும் அதே பிரிவில் உள்ளது.

தவணையாகக் கட்டினால், அந்த மாதச் சம்பளம் வருமுன் ஏப்ரல் முடிவில் கையில் சுமார் 385 யூரோ இருக்கும். மே முடிவில் 220. ஜூன் முடிவில் ஐம்பதுதான். அதனால் ஜூன் வரை வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஜூலையிலிருந்து மாதம் நூறு சேர்ந்தால் செப்டம்பரில் 350, அதோடு மாத முடிவில் வரும் கடைசிச் சம்பளம் 870, திரும்பி வரும் அட்வான்ஸ் 800. ஆக 2,020 யூரோ, அதாவது அப்பா கொடுத்ததைவிட 520 யூரோ அதிகம். அதில் ஒரு பெரிய பங்கு அந்த அட்வான்ஸில்தான் இருக்கிறது. அறையைச் சுத்தமாக வைத்திருங்கள், குடிபுகும் நாளில் சுவர், தரை, கதவு எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

அறையை நேரிலோ வீடியோவிலோ பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் வந்ததும் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்’ என்பவர் மோசடிக்காரர். இதில் சந்தேகத்தின் பலனை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்கு 215 யூரோ என்றதும் அம்மா பதறலாம். ஆல்டி, லிடில், பென்னி போன்ற மலிவு விலைக் கடைகளில் அரிசி, முட்டை, பால், காய்கறி வாங்கிச் சமைத்தால் வாரம் நாற்பது யூரோவில் அடங்கும். மிச்சத்தில் நிறுவன கேன்டீனில் வாரம் இரண்டு நாள் மதியம் சாப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது. சனிக்கிழமை மறந்தவர்கள் ரயில் நிலையக் கடையில் கூடுதல் விலை கொடுப்பார்கள். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். பாட்டில் பானம் வாங்கினால், ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கடை எந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். பருப்புப் பொடி, புளி, அப்பளம் கொண்டுபோங்கள். நெய் வேண்டாம், பால் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரத் தடை இருக்கிறது. தீர்ந்துபோனால், ஈழத்தமிழர் நடத்தும் கடைகள் ஜெர்மனியின் பெரிய நகரங்களில் உண்டு.

காபி மூன்றரை யூரோ என்றதும் ‘350 ரூபாயா!’ என்று மனம் பெருக்கிப் பார்க்கும். இந்தப் பழக்கத்தை முதல் வாரத்திலேயே விடுங்கள். வாரச் செலவுக்கு ஐம்பத்தைந்து யூரோ என்று ஒதுக்கி, அதற்குள் அடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். ஊர் சுற்றவும் தனிப் பணம் தேவையில்லை. அந்த 63 யூரோ டிக்கெட்டிலேயே ஹைடல்பெர்க், உல்ம், கான்ஸ்டன்ஸ் ஏரி வரை போய்வரலாம். ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர ரயில்களில் அது செல்லாது. செல்லாத டிக்கெட்டோடு மாட்டினால் அபராதம் 60 யூரோவிலிருந்து தொடங்கும்.

அப்பா தரும் பணத்தை யூரோவாகவே ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில் கொண்டுபோங்கள். நம் வங்கிகளின் சாதாரண கார்டுகள் பலவற்றில் ஒவ்வொரு செலவுக்கும் மூன்றரை சதவீதம் வரை கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். கடையில் எந்திரம் ‘ரூபாயிலா, யூரோவிலா’ என்று கேட்டால் யூரோவையே தொடுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால்தான் டிசிஎஸ் எனப்படும் முன்கூட்டிய வரிப் பிடித்தம். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. அப்பாவால் முடிந்தால் இன்னும் 50,000 ரூபாய் உங்கள் கோவை வங்கிக் கணக்கில் கிடக்கட்டும். வெளிநாட்டிலும் செல்லும் கார்டு கையில் இருக்கட்டும், அவசரம் வந்தாலன்றித் தொடாதீர்கள்.

குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்யுங்கள். வரி எண் அந்த முகவரிக்குத்தான் தபாலில் வரும். கிளம்பும்போது டாய்ச்லாண்ட் டிக்கெட்டை செப்டம்பர் 10க்குள் ரத்து செய்யுங்கள், இல்லாவிட்டால் அக்டோபருக்கும் 63 யூரோ பிடித்துவிடுவார்கள். ஜெர்மன் வங்கிக் கணக்கை மட்டும் மூடிவிட்டு வராதீர்கள். அட்வான்ஸைத் திருப்பித் தர வீட்டுக்காரர் சில மாதங்கள் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். அந்த 800 யூரோ வந்து விழ ஒரு கணக்கு வேண்டும்.