லினக்ஸும் யூஎஸ்பி பிரிண்டரும்: கேள்வி-பதில்

கேள்வி: புதுப் பிரிண்டரை யூஎஸ்பி கேபிளால் இணைத்தேன். விளக்கு எரிகிறது, யூஎஸ்பியில் இணைந்திருக்கும் சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளை தரும் பட்டியலில் பெயரே இல்லை. எந்த டிரைவரைப் போடுவது?

பதில்: எதையும் போடாதீர்கள், பிரிண்டர் கணினியின் கண்ணிலேயே படவில்லை. இடையில் யூஎஸ்பி ஹப் இருந்தால் அதை விலக்கிவிட்டு, வேறு கேபிளால் கணினியில் நேரடியாக இணையுங்கள்.

கேள்வி: பழைய பிரிண்டர் ஒன்றை மலிவாக வாங்கினேன். மாடல் எண் தெரியவில்லை. லினக்ஸில் ஓடுமா?

பதில்: மாடல் எண்ணைக்கூடப் பார்க்காமல் பணம் கொடுத்தவருக்கு நான் எதை வைத்துப் பதில் சொல்வது? பின்புறம் ஒட்டியிருக்கும் முழு எண்ணையும் எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: எல்எஸ்யூஎஸ்பி பட்டியலில் பிரிண்டரின் பெயர் வருகிறது. நிறுவனத்தின் டிரைவரையும் போட்டுவிட்டேன். ஆனாலும் பிரிண்டருக்காகக் காத்திருப்பதாகவே திரை சொல்கிறது.

பதில்: உங்கள் கணினியில் ஐபிபி-யூஎஸ்பி என்ற சேவை ஓடுகிறதா என்று பாருங்கள். அது பிரிண்டரைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு, வலையில் உள்ள பிரிண்டரைப்போல 60000-இல் தொடங்கும் எண்கொண்ட போர்ட் ஒன்றில் காட்டும். அந்நேரம் பழைய பாணி டிரைவரால் யூஎஸ்பி வழியே உள்ளே நுழைய முடியாது. நீங்கள் சேர்த்ததை நீக்கிவிட்டு, லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் (CUPS) தானாகக் கண்டுபிடித்த பிரிண்டருக்கு ஒரு பக்கம் அனுப்பிப் பாருங்கள்.

கேள்வி: ஏஆர்எம் வகைச் செயலியில் ஓடும் ராஸ்பெரி பை கணினிக்குப் பிரிண்டர் வேண்டும் என்று சொல்லித்தான் கேட்டேன். பெட்டியிலேயே லினக்ஸ் என்று இருக்கிறது என்றார் விற்பவர். டிரைவரோ இன்டெல் வகைச் செயலிகளுக்கு மட்டும்தான் இருக்கிறது.

பதில்: தவறு உங்களுடையது அல்ல. தேவையைச் சொல்லி, பொருந்தும் என்ற உறுதியைப் பெற்றே வாங்கியிருக்கிறீர்கள். அதைத் தேதியுடன் எழுதிக் கொடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பெட்டியின் மேல் அச்சிடும் அந்த ஒற்றைச் சொல், எந்தச் செயலிக்கு, எந்தப் பதிப்புக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்று எதையுமே சொல்வதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. நானும் அதை நம்பி ஒரு லேசர் பிரிண்டர் வாங்கினேன். பக்கத்தை உருவாக்கும் வேலை முழுவதையும் கணினியின் மேல் சுமத்தும் வகை அது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பிரிண்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை அதற்கு அனுப்ப வேண்டியிருந்தது. இயங்குதளத்தைப் புதுப்பித்த அன்று மூல நிரலை வெளியிடாத அந்த மூடிய டிரைவர் வேலை செய்யாமல் நின்றது. டோனர் பாதிக்குமேல் மிச்சமிருக்க, பிரிண்டர் பரணுக்குப் போயிற்று. அடுத்த முறை மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோய், எல்எஸ்யூஎஸ்பியின் விரிவான பட்டியலில் வகை 7, துணைவகை 1, நெறிமுறை 4 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யூஎஸ்பி வழியே ஐபிபி (IPP) என்ற பொது அச்சு நெறிமுறையில் பேசும் பிரிண்டர் அது. நிறுவனத்தின் டிரைவரை நாட வேண்டியிருக்காது. பணம் கொடுப்பதற்கு முன் அங்கேயே ஒரு பக்கம் அச்சிட்டும் பார்த்துவிடுங்கள்.