மேன்ஷன் நாட்களும் ‘பாய்ஸ்’ படமும்

கேள்வி: ‘பாய்ஸ்’ வந்தபோது எல்லோரும் திட்டினார்களே, உங்களுக்கு அதில் எதுவுமே பிடிக்கவில்லையா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: 2003-ல் அண்ணியோடு போய்ப் பார்த்தேன். இரட்டை அர்த்த வசனங்கள் வந்தபோதெல்லாம் இருவரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தோம். பெண்களைப் பற்றி அந்தப் பையன்கள் பேசுவதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் செந்தில் வருவாரே, எந்தக் கோயிலில் என்றைக்கு என்ன பிரசாதம் என்று விரல் நுனியில் வைத்துக்கொண்டு! சென்னையில் பசியோடு அலைந்தவர்களுக்கு அது வெறும் காமெடி இல்லை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியிருந்த நாட்களில், பார்த்தசாரதி கோயில் சர்க்கரைப் பொங்கலிலேயே பல மதியங்களை ஓட்டியிருக்கிறேன்.

அப்புறம் ரஹ்மான். ‘ஆலே ஆலே’ எங்கே கேட்டாலும் நின்றுவிடுகிறேன். படத்தில் டிரம்ஸ் வாசிக்கும் பையனாக வந்த தமன், பிறகு இசையமைப்பாளராகவே ஆகிவிட்டார். அவர் வரும் காட்சிகளைப் பார்த்தால் இப்போது மனசு நிறைகிறது.