வீட்டை மனைவி பெயரில் எழுதிவிட்டு மஞ்சள் கடுதாசியா?

கேள்வி: திருப்பூரில் பன்னிரண்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்துவந்தேன். பார்ட்னர் ஏமாற்றியதில் தொழில் படுத்துவிட்டது. பேங்கில் மெஷின் லோன் 6 லட்சம், பெர்சனல் லோனும் கிரெடிட் கார்டும் சேர்ந்து 9 லட்சம், ஆறு பேரிடம் புரோநோட்டில் வாங்கியது 14 லட்சம் பாக்கி. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் தேதி, தொகை எழுதாத செக்கும் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். ஒருவர் வாசலில் நின்று பிள்ளைகள் காதில் விழும்படி கேவலமாகப் பேசுகிறார், ஜெயிலுக்கு அனுப்பாமல் விடமாட்டேன் என்கிறார். மச்சானுக்குத் தரவேண்டிய 3 லட்சத்தை மட்டும் போன மாதம் நகை விற்றுக் கொடுத்தேன். 32 லட்சம் போகும் வீட்டை, நண்பர் சொன்னபடி, நான்கு மாதத்துக்கு முன் மனைவி பெயருக்கு செட்டில்மென்ட் (பணம் வாங்காமல் குடும்பத்தினருக்குச் சொத்தை மாற்றும் பத்திரம்) எழுதிவிட்டேன். இனி ஐ.பி. (கடனை அடைக்க முடியவில்லை என்று கோர்ட்டில் போடும் நொடிப்பு மனு, அதாவது மஞ்சள் கடுதாசி) போட்டால் நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய கடிதம் நாலு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் பார்ட்னர் செய்த துரோகம். அந்த வருத்தம் நியாயமானதாகவே இருக்கட்டும். ஆனால் நொடிப்பு மனுவை விசாரிக்கும் நீதிபதி அதைக் கேட்கப்போவதில்லை. வாசலில் வந்து பேசுவதற்குப் போலீஸ் புகார் இருக்கிறது. வட்டி அநியாயம் என்றால் 2003ஆம் வருடக் கந்துவட்டித் தடைச் சட்டம் தனியாக இருக்கிறது. இரண்டுமே அசலை அழிக்காது. கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, வீட்டை மாற்றிவிட்டேன் என்று, உங்கள் வழக்கு முழுவதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

ஐ.பி. போட உங்களால் கடனை அடைக்க முடியாத நிலை இருக்கவேண்டும். கடன் 29 லட்சம், வீடு 32 லட்சம். வீட்டைக் கணக்கில் சேர்த்தால் நீங்கள் நொடித்தவரே இல்லை. சேர்க்காமல் விட்டால் சொத்தை ஒளித்தவர். எதிர்த்தரப்பு வக்கீல் இதைக் கண்டுபிடிக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை, ஒரு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் போதும்.

2016இல் வந்த புதிய திவால் சட்டம் தனிநபருக்கும் உண்டு என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உங்களைப் போன்றவர்களுக்கு இன்றும் 1920ஆம் வருட மாகாண நொடிப்புச் சட்டம்தான். எவ்வளவு பழசு என்றால், 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்கிறது. கடனிலிருந்து விடுவிப்பு கேட்கும்போது ரூபாய்க்கு எட்டணாவாவது தேறியதா என்று பார்க்கச் சொல்கிறது. பழசுதான், பல் இன்னும் விழவில்லை.

அந்தச் சட்டத்தின் 53ஆம் பிரிவைத்தான் உங்கள் நண்பர் படிக்கவில்லை. சொத்தை மாற்றிய தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்ட மனுவில் ஒருவர் நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டால், அந்தப் பத்திரத்தை ரிசீவர், அதாவது நொடித்தவரின் சொத்தைப் பொறுப்பேற்கக் கோர்ட் நியமிப்பவர், ரத்து செய்யக் கேட்கலாம். உண்மையாகப் பணம் கொடுத்து, நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு விலக்கு உண்டு. உங்கள் மனைவிக்கு அது கிடையாது. செட்டில்மென்ட் பத்திரத்தில் ‘அன்பும் பாசமும் காரணமாக’ என்று எழுதியிருப்பார்கள். பணம் கைமாறவில்லை என்பதற்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சாட்சி அது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கடன் தந்தவர்கள் இந்த செட்டில்மென்ட்டைக் காட்டி உங்கள்மேல் நொடிப்பு மனுப் போடவேண்டுமானால் மூன்று மாதத்துக்குள் போட்டிருக்க வேண்டும். உங்களுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. அவர்கள் தவறவிட்ட அந்தக் கதவை, நீங்களே மனுப் போட்டுத் திறந்துவிடப் போகிறீர்கள்.

சரி, அப்படியானால் இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டுப் போடலாமே என்று அடுத்த யோசனை வரும். எல்லோருக்கும் வரும். அந்த இரண்டு வருடத்தில் புரோநோட்டுக்காரர்கள் கைகட்டி இருக்கமாட்டார்கள். கடன் தந்தவர்களை ஏமாற்றச் செய்த மாற்றம் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் வழக்குப் போட இந்த இரண்டு வருடக் கணக்கு தடையாகாது. பெயரளவுக்கு எழுதிய பத்திரம் என்றால், எத்தனை வருடம் ஆனாலும் நொடிப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் நொடிப்பு நீதிமன்றமே அதைத் தோண்டும்.

என்னிடம் ஒரு மளிகைக் கடைக்காரர் வந்தார். உங்களைப் போலவே முதலில் வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு, அப்புறம்தான் வக்கீலைத் தேடினார். குறுக்கு விசாரணையில் அவர் மனைவியிடம் கேட்ட கேள்விகள் மூன்றே மூன்று. இந்த வீட்டில் இப்போது யார் குடியிருக்கிறீர்கள்? கரண்ட் பில் யார் பெயரில் வருகிறது? வீட்டு வரியை யார் கட்டினார்? அந்த அம்மா பொய் சொல்லத் தெரியாதவர். எல்லாவற்றுக்கும் ‘அவர்தாங்க’ என்றார். வழக்கு ஆறு வருடம் இழுத்தது. அத்தனை நாளும் வீட்டை விற்கவும் முடியவில்லை, அடமானம் வைக்கவும் முடியவில்லை. கடைசியில் சமரசத்துக்குப் போனபோது, முதல் வருடம் ஒத்துக்கொண்டிருந்தால் கொடுத்திருக்கவேண்டிய தொகையைவிட அதிகம் கொடுத்தார். சொத்தை ஒளித்ததற்கு 69ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை தண்டனையும் உண்டு. அதிலிருந்து தப்பியதே அவருக்குப் பெரிய விஷயம்.

மச்சானுக்குக் கொடுத்த 3 லட்சமும் இதே ரகம். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டி அடைத்த கடனை 54ஆம் பிரிவில் ரிசீவர் திரும்பக் கேட்பார். இப்போதே மனுப் போட்டால், முதல் நோட்டீஸ் உங்கள் மச்சான் வீட்டுக்கு. அதன்பிறகு குடும்பத்துக்குள் என்ன நடக்கும் என்று நான் எழுதவேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு ஐ.பி.யால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது? மெஷின்கள் பேங்குக்கு ஈடாக இருக்கின்றன, ஈடு வாங்கியவரை நொடிப்பு மனு தடுக்காது. யாராவது உங்களுக்கு ஜாமீன் போட்டிருந்தால், நீங்கள் விடுபட்டாலும் அவர் விடுபடமாட்டார். முக்கியமாக, செக் வழக்கு நிற்காது. அது கிரிமினல். தொகை எழுதாத செக்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். கையெழுத்துப் போட்டு விருப்பத்தோடு கொடுத்த வெற்றுச் செக்குக்கும் கடன் இருந்ததாகவே அனுமானம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு வருடம் வரை ஜெயில், செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம். வழக்கு நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்கால நிவாரணம் கட்டச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

புரோநோட்டுக்காரர் சொல்லும் ஜெயில் வேறு. சிவில் கடனுக்காக ஒருவரைச் சும்மா ஜெயிலில் போடமுடியாது, வசதி இருந்தும் கொடுக்காமல் ஏய்த்தால்தான் என்று 1980இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அதாவது கையில் ஒன்றும் இல்லாதவர் பயப்பட வேண்டாம். 32 லட்சம் வீட்டை மனைவிக்கு எழுதியவர் கொஞ்சம் பயப்படலாம்.

ஐ.பி. யாருக்குப் பொருந்தும் என்றால், சொந்த வீடு இல்லை, செக் கொடுக்கவில்லை, ஜாமீன்தாரர் இல்லை, மாதச் சம்பளமோ பென்ஷனோ மட்டும் இருக்கிறது, கடன் கழுத்துக்கு மேலே, அப்படிப்பட்டவருக்கு. நீங்கள் அந்த ஆள் இல்லை.

ஆகவே வீட்டை விற்று செட்டில் செய்யுங்கள். கசக்கத்தான் செய்யும். மனைவி பெயரில் இருப்பதால் அவரே கிரையம் எழுதவேண்டும், நீங்களும் அந்தப் பத்திரத்தில் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். சொந்தக்காரர் யாருக்கும் குறைந்த விலைக்குத் தள்ளிவிடாதீர்கள், அது இன்னொரு 53ஆம் பிரிவு. வெளியாளுக்குச் சந்தை விலையில், பணம் பேங்க் வழியாக. இதில் தாமதம் வேண்டாம். புரோநோட்டுக்காரர் யாராவது வழக்குப் போட்டு, தீர்ப்புக்கு முன்பே வீட்டை ஜப்தி செய்ய உத்தரவு வாங்கிவிட்டால் வாங்குகிறவர் ஓடிவிடுவார்.

முதல் பணம் செக் வைத்திருக்கும் இருவருக்கு. ஒரு கையில் பணம் கொடுத்தால் மறு கையில் செக்கும் நோட்டும் வரவேண்டும், ‘நாளைக்கு எடுத்துத் தருகிறேன்’ என்ற பேச்சுக்கு இடமில்லை. மற்ற நால்வரிடம் வட்டியைப் பேசிக் குறையுங்கள், பெரும்பாலும் இறங்கிவருவார்கள். ஆனால் ஒன்று. முழுதாக முடிக்காமல், நோட்டின் பின்பக்கம் சின்னத் தொகை வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுக்கும் பழக்கம் வேண்டாம். அந்த வரவு தேதியிலிருந்து வழக்குப் போட அவருக்குப் புதிதாக மூன்று வருடம் கிடைத்துவிடும்.

மெஷினை பேங்கின் எழுத்துச் சம்மதத்தோடு நீங்களே விற்றால் ஏலத்தைவிட நல்ல விலை வரும். பெர்சனல் லோனுக்கும் கார்டுக்கும், தொகையைக் குறைத்து ஒரே தடவையில் கட்டி முடிக்கும் செட்டில்மென்ட் கேளுங்கள். பேங்கின் சம்மதக் கடிதம் கைக்கு வருமுன் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள், வசூலுக்கு வருகிற ஆள் கையில் பணமாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சிபிலில் ‘செட்டில்டு’ என்று விழும், கொஞ்ச காலத்துக்குப் புதுக் கடன் கிடைக்காது. உங்களுக்கு அது நல்லதுதான். வழக்குக்குப் போனவை ஏதாவது இருந்தால் லோக் அதாலத்தில் முடியுங்கள், அந்த உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும்.

இந்த வாரத்துக்குள் செட்டில்மென்ட் பத்திர நகல், வில்லங்கச் சான்று, செக் நம்பர்கள் எழுதிய தாள், இவற்றோடு உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். மனைவியையும் கூட்டிப்போங்கள், வீடு இப்போது அவருடையது. நண்பர் வரவேண்டாம்.