சோர்வு ஆள் பார்த்து அடிக்குமா?

கேள்வி: என் கணவர் தலைமைக் காவலர். திருவிழா, கட்சி மாநாடு என்று பதினொரு நாளாகத் தொடர்ந்து பந்தோபஸ்து. பன்னிரண்டாம் நாள் இரவு வாகனச் சோதனை. ஹெல்மெட் இல்லாமல் வந்த 19 வயதுப் பையன் எதிர்த்துப் பேசியிருக்கிறான். இவர் கன்னத்தோடு சேர்த்துக் காதில் அறைந்துவிட்டார். செவிப்பறை கிழிந்துவிட்டதாம். பையனின் அப்பா எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுக்க, விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. "மன உளைச்சல்னு எழுதிக் கொடு, விட்டுடுவாங்க" என்கிறார்கள் சிலர். "வண்டியில இருந்து அவனே விழுந்தான்னு எழுது" என்கிறார் ஒருவர். என் கணவர் கெட்டவர் இல்லை. இத்தனை வேலைப்பளு இருக்கும்போது அதை ஒரு நியாயமாக எடுத்துக்கொள்ளக் கூடாதா?
– பெயர் வேண்டாம், திருச்சி மாவட்டம்

பதில்: எடுத்துக்கொள்ள முடியாது சகோதரி. ஆனால் அந்தப் பதினொரு நாளைச் சொல்ல வேறு இடம் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் கணவரின் களைப்பு நிஜம். 17 மணி நேரம் தூங்காமல் விழித்திருப்பவரின் கவனமும் நிதானமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவருடைய அளவுக்கு இறங்கிவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கான வரம்பு 0.03. நள்ளிரவில் மற்றவர்களை ஊதச் சொல்லிக் கருவியை நீட்டுகிற ஏட்டையாவே அந்த வரம்பைத் தாண்டிய நிலையில் நிற்கிறார் என்று அர்த்தம். அவரை அங்கே நிறுத்தியது யார் என்று இலாகாவைக் கேட்கத்தான் வேண்டும்.

ஆனாலும் அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். லீவு தராதவர் இன்ஸ்பெக்டர். அவர் மீது கை நீண்டதா? அதே இரவில் கட்சிக் கொடி கட்டிய கார் ஏதாவது நிற்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பார்? களைப்பில் கை தானாக ஓங்கியது என்றால் அது ஆள் பார்த்து ஓங்காது. திருப்பிக் கேட்க நாதியில்லாத ஆளைப் பார்த்துத்தான் ஓங்குகிறது.

2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் தாக்கப்பட்ட இரவை எண்ணிப் பாருங்கள். கொரோனா காலம், எல்லாக் காவலர்களுக்கும் ஒரே சுமைதான். அதே இரவில் அதே ஸ்டேஷனில் டூட்டியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி யாரையும் அடிக்கவில்லை. விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததைச் சொன்னார். வேலைப்பளுதான் அடிக்க வைக்கிறது என்றால் அவரும் அல்லவா லத்தியைத் தூக்கியிருக்க வேண்டும்?

சட்டத்துக்கு வருவோம். கைதை எதிர்ப்பவரிடமும் தப்ப முயல்பவரிடமும்தான், அதுவும் தேவையான அளவுக்குத்தான், பலத்தைப் பயன்படுத்தலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-ஆம் பிரிவு இது. ஹெல்மெட் போடாததற்கு 1,000 ரூபாய் அபராதம். வண்டி எண் கிடைத்தால் சலான் போட்டுவிடலாம். பையன் பேசிக்கொண்டே இருக்கட்டும். புத்தி சுவாதீனம் இல்லாதவருக்கான விதிவிலக்கு இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவில் இருக்கிறது. தான் செய்வது இன்னதென்றே அறிய முடியாத நிலையில் இருப்பவருக்கு அது. தூக்கக் கலக்கமும் எரிச்சலும் அதன் பக்கத்தில்கூட வராது. 'திடீர்க் கோபமூட்டல்' என்று 122-ஆம் பிரிவைச் சிலர் காட்டலாம். தண்டனையைக் குறைக்கும் பிரிவுதான், ஆனால் அந்தக் கோபமூட்டல் கடுமையாக இருக்க வேண்டும். "ஏன் சார் நிறுத்துறீங்க" என்ற அளவிலான பேச்சு அதில் சேருவது கஷ்டம்.

இந்த வழக்கின் கனம் பையனின் காதில் இருக்கிறது. உள்ளங்கை காதை மூடியபடி விழும்போது உள்ளே அடைபட்ட காற்றுதான் செவிப்பறையைத் தள்ளிக் கிழிக்கிறது. சிறிய கிழிசல் என்றால், தண்ணீர் போகாமல், எண்ணெய் விடாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே மூடிக்கொள்ளும். அப்படி ஆறிவிட்டால் வழக்கு நியாய சன்ஹிதா 115(2)-இல், அதாவது சாதாரணக் காயத்துக்கான பிரிவில், நிற்க வாய்ப்பு உண்டு: ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு காதின் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போனால் அது கொடுங்காயம். 117(2)-இல் ஏழாண்டு வரை போகும். அதனால் அவன் காது ஆற வேண்டும் என்று அவன் வீட்டாரைப் போலவே நீங்களும் வேண்டிக்கொள்ள வேண்டிய நிலை.

இப்போது அந்த மெமோ. 'அவனே விழுந்தான்' என்று எழுதவே கூடாது. அரசு மருத்துவமனையில் போட்ட ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகல்) 'போலீஸ்காரர் கையால் அடித்ததாக' என்று பையன் சொன்னது பதிவாகியிருக்கும். ரோட்டில் நின்றவன் செல்போனில் எடுத்திருப்பான். அடித்தது ஒரு தப்பு. பொய் எழுதினால் அது தனிக் குற்றச்சாட்டாகும். ஸ்டேஷன் பொது நாட்குறிப்பிலும் அதே பொய்யை ஏற்றினால், அரசு ஊழியர் பொய்ப் பதிவு செய்ததாக 256-ஆம் பிரிவு வரை வரும், மூன்றாண்டு வரை சிறை. உதவி செய்வதாக நினைத்து எழுதிய ஸ்டேஷன் ரைட்டரும் சேர்ந்து மாட்டுவார்.

'மன உளைச்சல்' என்று மொட்டையாக எழுதுவதும் ஆபத்துதான். அப்படிப்பட்டவருக்குத் துப்பாக்கி டூட்டி எப்படிக் கொடுப்பது என்று அடுத்த மெமோ வரலாம். நடந்ததை நேரம், இடத்தோடு நாலு வரியில் எழுதட்டும். அறைந்தது தவறு என்பதை ஒரு வரியில் ஒப்புக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு, கடைசிப் பத்தியில், பதினொரு நாள் டூட்டியைத் தேதிவாரியாகப் போடட்டும்: எந்த ஊர், எத்தனை மணிக்கு ரோல் கால், எத்தனை மணிக்கு விடுவித்தார்கள், கேட்ட லீவு எந்தத் தேதியில் மறுக்கப்பட்டது. டூட்டி பட்டியலின் நகலையும் கேட்டு வாங்கி வைக்கட்டும். காவலர்களுக்கான 1955-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளில் சிறு தண்டனைக்கான 3(ஏ)வோடு முடியுமா, வாய்மொழி விசாரணையுள்ள 3(பி)க்குப் போகுமா என்பது எஸ்.பி.யின் கையில். எதுவானாலும், அந்தத் தேதிகள் குற்றத்தை இல்லாமலாக்காது. தண்டனை எவ்வளவு என்று எடைபோடும்போது தட்டில் விழும். ஒப்புக்கொண்டு எழுதினால் கோர்ட்டில் அதையே காட்டுவார்களே என்று பயம் வரும். அதற்காகத்தான், கையெழுத்துப் போடுமுன் ஒரு வக்கீலிடம் காட்டச் சொல்கிறேன்.

பையன் வீட்டுக்கு யூனிஃபார்மில் யாரும் போகக் கூடாது, சமாதானம் பேச ஆள் அனுப்பவும் கூடாது, மிரட்டலாகத்தான் தெரியும். மருத்துவச் செலவைத் தர நினைத்தால் வக்கீல் மூலம் மட்டும். 115(2) சமரசம் செய்துகொள்ளக்கூடிய பிரிவுதான், ஆனால் பையன் மனதார ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படியே முடிந்தாலும் இலாகா விசாரணை நிற்காது. ஓராண்டுக்குள் மனித உரிமை ஆணையத்துக்கும் அவர்கள் போகலாம். அங்கே இழப்பீடு என்று வந்தால், அரசு முதலில் கொடுத்துவிட்டு உங்கள் கணவர் சம்பளத்தில் பிடிப்பது வழக்கம்.

அந்தக் களைப்பைச் சொல்ல வேண்டிய இடத்துக்கு வருகிறேன். இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வார ஓய்வு தர 2021 நவம்பரிலேயே அரசாணை வந்துவிட்டது. கிடைக்காத வாரங்களைத் தேதியோடு எழுதி, காவலர்களின் குறைகளை நேரில் கேட்கும் ஓ.ஆர். (ஆர்டர்லி ரூம்) நாளில் எஸ்.பி.யிடம் நேரில் மனுவாகக் கொடுக்கலாம். வாய்ச்சொல்லாகக் கேட்டு வாய்ச்சொல்லாக மறுத்தால் எங்கும் பதிவாகாது. தூக்கம் வராமல் புரள்கிறாரா, வீட்டிலும் கை நீள்கிறதா, குடி கூடியிருக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இருந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்கு நீங்களே கூடப் பேசலாம், கட்டணம் இல்லை. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உதவியோடு நடந்த காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி போல இலாகாவிலேயே ஏதாவது இருந்தால் அதையும் விடவேண்டாம். விசாரணையில் காட்டச் சான்றிதழ் வேண்டும் என்று மட்டும் டாக்டரிடம் ஆரம்பிக்காதீர்கள்; எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதில் தொடங்குங்கள்.