காணி விற்கவும் வாங்கவும் இணையத்தில் தரகரைத் தேடுவோருக்கு

கேள்வி: கனடாவில் வசிக்கும் என் அண்ணாவுக்குப் பரந்தனில் அரை ஏக்கர் காணியும் கல்வீடும் உள்ளன. அவற்றை விற்றுத் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார். பேஸ்புக்கிலும் இக்மனிலும் தரகர்கள் பலரின் விளம்பரங்களைப் பார்த்தேன். யாரைத் தெரிவுசெய்வது?
வாசகி, கிளிநொச்சி

பதில்: இணையத்தில் தேடுவது நல்லதே. ஊர்த் தரகரின் வாய்ச்சொல் எட்டாத இடத்தில் இருப்பவரும் உங்கள் வீட்டின் படத்தைப் பார்ப்பார். ஆனால் ஒரு பக்கத்தை எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பதையோ, கீழே எழுதப்பட்டுள்ள பாராட்டுகளையோ வைத்துத் தரகரை எடைபோடாதீர்கள். உறவினர் ஒருவருக்காக நான் தேடியபோது, கட்டின் ஒரு பக்கம் இடிந்து துலாக்கால் மட்டும் நிற்கும் ஒரே கிணற்றின் படத்தை மூன்று விளம்பரங்களில் கண்டேன். ஒன்றில் முறிகண்டி என்றும் இன்னொன்றில் கனகராயன்குளம் என்றும் இருந்தது; மூன்றாவதில் இடமே குறிப்பிடப்படவில்லை. மூவரையும் அழைத்துப் பேசினேன். ஒருவர்கூட அந்தக் காணிக்குள் கால் வைத்ததில்லை.

ஆகவே, இணையத்தில் கண்ட மூன்று நான்கு பேரை அழைத்து, அவர்கள் முதலில் எதைக் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். விலையைக் கேட்பதற்கு முன், "உறுதிக்காணியா, அனுமதிப்பத்திரக் காணியா, அளிப்புப் பத்திரக் காணியா?" என்று கேட்பவரே வன்னியில் வேலை தெரிந்த தரகர். உறுதிக்காணி என்பது உரிமையாளருக்கு முழு உரிமையுள்ள தனியார் காணி; மற்ற இரண்டும் அரசு பத்திரம் கொடுத்து வழங்கிய காணிகள். இங்குள்ள குடியேற்றத் திட்டக் காணிகள் பல 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. அனுமதிப்பத்திரக் காணியை உறுதிக்காணிபோல் விற்க இயலாது. அளிப்புப் பத்திரக் காணியைக் கைமாற்றுவதற்குப் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான முன் அனுமதி வேண்டும். இது தெரியாமல் விளம்பரம் போடுபவர், வாங்க வருபவரையும் உங்களையும் சேர்த்தே அலைக்கழிப்பார்.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: வெளிநாட்டில் குடியுரிமை பெற்றவர் வாங்க முன்வந்தால் என்ன செய்வீர்கள்? இலங்கைக் குடியுரிமையை இழந்து, இரட்டைக் குடியுரிமையும் பெறாதவரின் பெயருக்குக் காணி எழுதுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது என்பதைத் தரகர் அறிந்திருக்க வேண்டும். அண்ணா நேரில் வர இயலாவிட்டால், தனக்குப் பதிலாகக் கையொப்பமிடும் அதிகாரத்தைத் தரும் அற்றோணித் தத்துவத்தை உங்கள் பெயருக்கே எழுதுவிக்கச் சொல்லுங்கள். தரகரின் பெயருக்கு வேண்டாம்.

கேள்வி: வட்ஸ்அப்பில் வீட்டின் படங்களை அனுப்பிய தரகர், வேறொருவர் வாங்கிவிடுவார் என்று சொல்லி இன்றே முற்பணம் போடச் சொல்கிறார். போடலாமா?
வாசகர், வவுனியா

பதில்: போடாதீர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை மட்டுமன்றி விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட்டாலே செல்லும். வட்ஸ்அப் செய்தியையும் வங்கிச் சிட்டையையும் வைத்துக்கொண்டு அந்த வீட்டை உங்களுக்கு எழுதித் தரும்படி கேட்க முடியாது. உறுதி இலக்கத்தையும் நில அளவைப் படத்தின் பிரதியையும் அனுப்பச் சொல்லுங்கள். அவற்றுடன் நீங்களே காணிப் பதிவகத்துக்குச் சென்று காணியின் உரிமை விவரங்கள் பதியப்பட்ட தோம்பை எடுத்துப் பார்த்து, இன்று யார் பெயரில் இருக்கிறது, ஈடு (அடமானம்) ஏதும் உண்டா என்று அறிந்து, பிறகு அயல் வீட்டாரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் விசாரியுங்கள். இடப்பெயர்வுக்குப் பின் உரிமையாளர் திரும்பாத வீடுகளில் வேறு குடும்பங்கள் குடியிருப்பது இங்கு புதிதல்ல; அதைத் தோம்பு காட்டாது, அயலவரே சொல்வார்கள்.