இரண்டாம் பாகத்தை மூடி வையுங்கள்

'அரிஸ்டாட்டில் அண்ட் டான்டே' நாவலின் இரண்டாம் பாகத்தை முதலில் வாங்கிவிட்டு தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்கிறீர்கள், புரியாதுதான். அது 2021-இல் வந்தது. 2012-இல் வந்த முதல் நாவலை எடுங்கள். 1987 கோடை, அமெரிக்காவின் எல் பாசோ நகரத்து நீச்சல் குளம், நீந்தத் தெரியாத ஆரி என்கிற அரிஸ்டாட்டிலிடம் 'கற்றுத் தரட்டுமா' என்று டான்டே என்ற பையன் கேட்கிறான். ஆரியின் அண்ணன் சிறையில், அவனைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை, வியட்நாம் போருக்குப் போய் வந்த அப்பாவோ அதற்கும் மேல். எனக்கு அந்த மௌனம்தான் பிடித்தது.

அப்புறம், ஆசிரியரைப் பற்றிக் கேட்டிருந்தீர்களே? பெஞ்சமின் அலிரே சாயென்ஸ் சில வருடம் பாதிரியாராக இருந்தவர், பிறகு ஒரு பெண்ணை மணந்தவர், தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னபோது ஐம்பதைத் தாண்டிவிட்டார். டான்டே மேல் தனக்கிருக்கும் காதலை ஆரி ஒத்துக்கொள்ளாமல் கடைசிவரை இழுத்தடிப்பது சலிப்பாக இருந்தால் இதை நினைத்துக்கொண்டு படியுங்கள்.