டேட்டிங் செயலியில் ஈர்க்கும்படியான அறிமுகக் குறிப்பை எழுதுவது எப்படி?

பம்பிளில் 300 எழுத்துகளும் டிண்டரில் 500 எழுத்துகளும் மட்டுமே தரப்படுவதால், "பயணம், இசை, சினிமா பிடிக்கும்" போன்ற, யாருக்கும் பொருந்தக்கூடிய வரிகளுக்கு அந்த இடத்தைச் செலவிடாதீர்கள். தமிழில் எழுதினால் இடம் இன்னும் குறையும். கணினி புள்ளியையும் கொம்பையும் காலையும் பெரும்பாலும் தனி எழுத்தாகவே எண்ணுகிறது.

படிப்பவர் பதில் எழுதுவதற்கு ஒரு பிடி கொடுப்பதே இந்தக் குறிப்பின் முதன்மையான வேலை என்று நான் கருதுகிறேன். "சமைக்கப் பிடிக்கும்" என்று நிறுத்திவிடாமல், "ஞாயிறு காலையில் ஆப்பமும் தேங்காய்ப்பாலும் செய்வேன்; ஓரம் மொறுமொறுப்பாக வர உங்களிடம் வழி உண்டா?" என்று எழுதினால், அறிமுகமில்லாத ஒருவரும் தயங்காமல் பேச்சைத் தொடங்க முடியும். "இப்படிப்பட்டவர்கள் தொடர்புகொள்ள வேண்டாம்" என்று தொடங்கும் பட்டியல், எவ்வளவு நியாயமான காரணத்தால் எழுதப்பட்டிருந்தாலும், நல்ல மனிதர்களையும் விலகச் செய்துவிடும்.

ஆனால், திருமணத்தை நோக்கிய உறவைத் தேடுகிறீர்களா, முதலில் பழகிப் பார்க்க விரும்புகிறீர்களா என்பதையும், ஏற்கெனவே குழந்தை இருந்தால் அதையும் மறைக்காமல் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். பணியிடத்தின் பெயர், வசிக்கும் தெரு, தொலைபேசி எண் ஆகியவற்றை யாரும், குறிப்பாகப் பெண்கள், அதில் எழுதவே வேண்டாம்.